பியூஸ் பிடுங்கிய பிறகும் எரிந்த பல்பு

12.11.2003, புதன். செந்துறை

தூறல். அரியலூரில் பஸ் ஏறும்போது வெயில், இங்கே இறங்கும்போது சட்டை நனைந்தது. நாலடி டியூப் லைட் பட்டியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வந்ததில் கண்டக்டரோடு சண்டை. ட்யூப் உடைந்தால் நீ பொறுப்பா என்று கேட்டேன். அப்புறம் என் பக்கமே வரவில்லை.

சிமெண்ட் ஃபாக்டரியில் ஷட்டவுன் வேலை பார்த்ததற்கு ஈடாகக் காம்ப்-ஆஃப் லீவு. ஞாயிறு வரை. திங்கள் காலை டூட்டி. காதுக்குள் இன்னும் சிமெண்ட்.

வீட்டில் பார்க்க வேண்டியவை:
ஹால் பிளக், தளர்ந்திருக்கிறது.
ஃபேன் ரெகுலேட்டர், சூடாகிறது.
பின் அறை பல்பு. இதுதான் மோசம்.

பின் அறையில் அம்மா படுக்கிறாள். அந்தப் பக்கம் பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர். ஹோல்டர் கறுத்து, ஓரத்தில் வெடிப்பு. பல்பைத் தொட்டால் மினுக்குகிறது. ஓட்டுச் சந்தில் இறங்கும் தண்ணீர் ஹோல்டருக்கு ஒரு சாண் தள்ளிச் சொட்டுகிறது. அதற்கு நேர் கீழே ஒரு வாளி வைத்திருக்கிறாள். அதுதான் அவளுடைய பாதுகாப்பு ஏற்பாடு.

பட்டியைப் பிரித்துக் காட்டினேன். எலக்ட்ரானிக் சோக், டக்கென்று எரியும் என்றேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அந்த ரூமுக்கு வேணாம்டா. ஹால்ல போட்டுக்க."

ஹாலில் ஏற்கெனவே டியூப் லைட் இருக்கிறது. சொன்னேன்.  ரசம் வைக்கட்டுமா, புளிக்குழம்பு இருக்கு போதுமா என்று கேட்டாள். பேச்சை மாற்றத் தெரியாதவள் மாற்றினால் நன்றாகவே தெரிகிறது.

இன்னொன்று. அந்த அறைச் சுவிட்ச் மேலே தள்ளினால் எரிகிறது, கீழே தள்ளினால் அணைகிறது. எவனோ தலைகீழாக மாட்டியிருக்கிறான். யார் வந்து மாட்டியது? நான் இல்லை. இந்த வீட்டில் கரண்ட் வேலைக்கு வேறு ஆள் எதற்கு?

புளிக்குழம்பு நன்றாக இருந்தது. கத்தரிக்காய் சந்தைக் காய் இல்லை, யார் வீட்டுக் கொல்லையிலோ பறித்தது. கேட்கவில்லை.


13.11.2003, வியாழன்

மழை இல்லை. மேகம் மட்டும்.

விடியும்போது விழிப்பு. அம்மா கொல்லையில் பாத்திரம் கழுவுகிறாள், சத்தம் கேட்கிறது. பின் அறையில் யாரும் இல்லை. பல்பு தானாக எரிந்தது. லூஸ் கனெக்ஷன் என்று நினைத்து எழுந்திருப்பதற்குள் அம்மா ஈரக் கையோடு ஓடிவந்து சுவிட்சைத் தட்டி அணைத்தாள். ஈரக் கை. அந்தச் சுவிட்ச். கத்தினேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

அவள் வேலைக்குப் போகட்டும் என்று காத்திருந்தேன். (பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல். அப்பா இறந்த பிறகு கிடைத்த வேலை. அப்போது நான் பாலிடெக்னிக் முதல் வருஷம். அன்றிலிருந்து இந்த வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். எனக்கு அரியலூரில் ரூம். வாராவாரம் வருவதாகப் பேச்சு. வருவது எப்போதாவது.)

மெயினை அணைத்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன். ஃபாக்டரியில் இதுதான் விதி: வேலை செய்கிறவன் பாக்கெட்டில்தான் பியூஸ் இருக்க வேண்டும். ஹால் லைட், ஃபேன், பிளக் எல்லாம் செத்துவிட்டன. பின் அறைக்குப் போய், வழக்கம் போல ஒருமுறை சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன்.

பல்பு எரிந்தது.

பியூஸ் என் பாக்கெட்டில். பல்பு என் தலைக்கு மேல்.

அணைத்தேன். மறுபடி போட்டேன். நேற்று மேலே தள்ளினால் எரிந்தது, இன்று கீழே தள்ளினால் எரிகிறது. அப்போதுதான் உறைத்தது. தலைகீழாக மாட்டிய சுவிட்ச் இல்லை இது. டூ-வே சுவிட்ச். மாடிப்படிக்குப் போடுவது. கீழே போட்டு மேலே அணைக்கலாம், மேலே போட்டுக் கீழே அணைக்கலாம். இந்த வீட்டில் மாடி கிடையாது. அப்படியானால் இன்னொரு சுவிட்ச் எங்கே?

ஏணி போட்டு ஒயரைத் தொடர்ந்தேன், கை படாமல். மூன்று ஒயர். சுவர் உச்சியில் ஒரு ஓட்டை, பழைய துணி அடைத்திருக்கிறது. ஓட்டை வழியாகப் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. மாணிக்கம் வீடு. (இனி மா. என்று எழுதுகிறேன். பெயரை முழுதாக எழுத எரிச்சலாக இருக்கிறது.)

மா. யார் என்றால்: ஐம்பத்தைந்து வயது இருக்கும். அரியலூர், ஜெயங்கொண்டம் தடத்தில் தனியார் பஸ் ஓட்டியவர். நெஞ்சுவலி வந்து வண்டியை விட்டுவிட்டார். மனைவி இல்லை. ஒரே மகள், துறையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. நான் மாமா என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலிருந்து.

ஒயரைப் பார்த்தாலே யார் வேலை என்று தெரிகிறது. பஸ் ஒயர். ஹெட்லைட்டுக்குப் போவது. பேட்டரி வோல்ட்டுக்குச் செய்தது, அதில் இருநூற்று முப்பது ஓடுகிறது. முறுக்கிய இணைப்புகள். டேப் கிடையாது, கேரி பேக்கைக் கிழித்துச் சுற்றி நூலால் கட்டியிருக்கிறது. வண்டியில் இது போதும். தெரியாமல் தொட்டால் கூட ஒன்றும் ஆகாது. ஒழுகுகிற ஓட்டு வீட்டில் இது தூக்குக்கயிறு.

முதலில் நினைத்தது: நம் கரண்டைத் திருடுகிறார். அடுத்த நிமிஷமே அது பொருந்தவில்லை. நம் பியூஸ் வெளியே, பல்பு எரிகிறது. அவர் கரண்ட்தான் நம் வீட்டில் எரிகிறது. திருட்டு என்றாலாவது புரியும். கொடுக்கிறவனை எப்படிப் புரிந்துகொள்வது? அதுவும் அவர் சுவிட்ச் போட்டால் என் அம்மா படுக்கிற அறையில் விளக்கு எரிகிறது.

பல்பை அணைத்து, பியூஸைத் திரும்ப மாட்டினேன். எதையும் தொடவில்லை.

சாயங்காலம் கேட்டேன். அப்பா காலத்தில் போட்டதாக இருக்கும் என்றாள். பொய். வீட்டுச் சுவிட்சுகள் எல்லாம் அப்பா வாங்கிய கறுப்புக் குமிழ்கள். அது மட்டும் வெள்ளை, பளிச்சென்று இருக்கிறது. போட்டு இரண்டு வருஷம் கூட ஆகியிருக்காது. பொய் சொல்லும்போது அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரேஷன் அரிசி கூட இல்லை. கல் இல்லாத அரிசி.


14.11.2003, வெள்ளி

வெயில். புழுக்கம். குழந்தைகள் தினம், பள்ளியில் பாட்டு, பேச்சு, எல்லாம். அம்மா சீக்கிரமே கிளம்பினாள்.

அதற்கு முன், விடியும்போது. தூங்குவது போலப் படுத்துக்கொண்டு பார்த்தேன். பல்பு எரிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள், இன்று கையைத் துடைத்துக்கொண்டு. ஒரு நொடி பல்பைப் பார்த்தாள். அணைத்தாள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் இல்லை. பல் தேய்ப்பது போல, கோலம் போடுவது போல. தினமும் நடக்கிற காரியம்.

நேற்றிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வருகிறது. அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் தூக்கு நம்முடையது இல்லை. கத்தரிக்காய். தெருவில் நாலு பேர் இருந்தால் அவரை "பக்கத்து வூட்டு அண்ணன்" என்கிறாள். யாரும் இல்லாதபோது அண்ணன் என்ற சொல்லே வருவதில்லை; ஒரு சொல்லும் வருவதில்லை, நேராகப் பேச்சைத் தொடங்குகிறாள். இதை நான் எப்போது கவனித்தேன்? கவனித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

அம்மா போன பிறகு மா. வீட்டுக்குப் போனேன். நம் பக்கம் மட்டும் பியூஸ் எடுத்துவிட்டு அந்த ஒயரை வெட்ட முடியாது. அவர் பக்கமும் எடுக்க வேண்டும். கோபம் வேறு, வேலை வேறு.

வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். "வாங்க தம்பி. எப்ப வந்தீங்க?" புதன்கிழமையே வந்தது அவருக்குத் தெரியாதாம்.

"உங்க மெயின்ல பீஸ் கட்டைய எடுக்கணும்."

என் கையிலிருந்த டெஸ்டரைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததே எனக்குப் போதுமான பதில். உள்ளே போய் மெயினை அணைத்துப் பிடுங்கினார். ஜன்னல் மேல் வைக்கப் போனார். என்னிடம் கொடுங்கள் என்றேன்.

"நான் போட்டுடுவன்னு பயமா?"

"பயமில்ல. பழக்கம்."

கொடுத்தார். ஒயர் அந்தப் பக்கம் எங்கே இறங்குகிறது என்று பார்த்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில், படுத்தபடியே கை எட்டுகிற உயரத்தில் சுவிட்ச். அதே வெள்ளைச் சுவிட்ச், அதே கம்பெனி. கட்டிலுக்கு மேலே ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு. அங்கே பல்பு எரிந்தால் இங்கேயும் எரியும், அங்கே அணைந்தால் இங்கேயும் அணையும். ஒரே சர்க்யூட்.

எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா தம்பி?"

"எங்க வூட்டு லைட்டுக்கு யாரக் கேக்கணும்?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிறகு, "ஒரு வார்த்த கேட்டுட்டு செஞ்சிருக்கலாம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். மெதுவாகப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

வேலை. எழுதி வைக்கிறேன், இதுவாவது ஒழுங்காக நடந்தது.

டெஸ்ட் லாம்ப்பை முதலில் ஹால் பிளக்கில் எரியவைத்துப் பார்த்தேன். விளக்கே ஃபியூஸ் போயிருந்தால் செத்த ஒயர் என்று ஏமாந்து போவோம். பிறகு நம் பியூஸையும் எடுத்தேன். இரண்டு வீட்டுக் கட்டையும் ஒரே பாக்கெட்டில், நடந்தால் டக்டக்கென்று இடித்துக்கொண்டன. ஹோல்டரில் லாம்ப்பை வைத்து இரண்டு நிலையிலும் சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன். எரியவில்லை. அதன் பிறகுதான் கை வைத்தேன். ஹோல்டர் கையோடு பொடிந்து வந்தது. உள்ளே ஒரு ஒயர் ஓர் இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. இதைத்தான் அவள் தினமும் ஈரக் கையோடு.

அவர் பக்கச் சுவிட்சிலிருந்து மூன்று ஒயரையும் கழற்றினேன். நம் பக்கம் வெட்டியது மட்டும் போதாது, அந்தப் பக்கம் பியூஸ் போட்டதும் ஓட்டைக்குள் உயிருள்ள முனை நிற்கும். கழற்றிய முனைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக டேப். சுவரோடு நறுக்கினேன்.

டியூப் லைட்டை ஒழுகாத சுவருக்கு மாற்றினேன். ஹால் போர்டிலிருந்து புது ஒயர் இழுத்தேன். சிவப்பு, சுவிட்ச் வழியாக. கறுப்பு, நேராக. பச்சை, பட்டியின் தகரத்துக்கு. தகரப் பட்டியை ஈர வீட்டில் எர்த் இல்லாமல் மாட்டுகிறவன் எலக்ட்ரீஷியன் இல்லை, கொலைகாரன். முனையைச் சீவி, இழைகளை முறுக்கி, கனெக்டரில் நுழைத்துத் திருகி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. வெளியே செம்பு தெரியவில்லை. பியூஸ் போட்டேன். டக்கென்று எரிந்தது. அறை முழுக்க வெள்ளை வெளிச்சம்.

மா. வீட்டுக் கட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அம்மா வந்தாள். பையில் குழந்தைகள் தினத்து மிட்டாய், எனக்காம். அறைக்குள் போனாள். நேராகச் சுவர் உச்சியைத்தான் பார்த்தாள், லைட்டைப் பார்க்கவில்லை. வெகு நேரம் நின்றாள். நல்லாருக்கா என்று கேட்டேன். "ம்" என்றாள்.

சாப்பாடு போட்டாள். அவள் சாப்பிடவில்லை. மிட்டாய் அப்படியே இருக்கிறது.


15.11.2003, சனி

விடியும்போது அம்மா வீட்டில் இல்லை. கொல்லையிலும் இல்லை.

வாசலுக்கு வந்தேன். மா. வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறாள். தலை கூட வாரவில்லை. கதவு திறந்தது, அவர் நின்றார், இவள் ஏதோ இரண்டு வார்த்தை, திரும்பி வந்துவிட்டாள். உள்ளே போகவில்லை, அதைப் பார்த்தேன். எதிர்வீட்டுக் காமாட்சியும் பார்த்தாள். வாசல் தெளித்த வாளி கையில் அப்படியே நிற்கிறது.

"என்னக்கா, காலங்காத்தால அண்ணன் வூட்டுப் பக்கம்?"

"சும்மாதான் காமாட்சி." அவ்வளவுதான் அம்மா சொன்னது.

டீக்கடை. எனக்கு டீ கொடுக்கும் முன்பே பேச்சு வந்து சேர்ந்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருத்தர், வயசானவர், பெயர் மறந்துவிட்டது, தம்பி வீட்டுக்குப் புது லைட் போட்டிருக்காமே, வெளிச்சம் தெருவரைக்கும் அடிக்குதே என்றார். இன்னொருத்தன் பேப்பருக்குப் பின்னால் சிரித்தான். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். திரும்பிக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எழுத மாட்டேன். பெற்றவளிடம் கேட்கிற வார்த்தை இல்லை அது.

அம்மா அழவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்கும் தயாராக ஒரு வசனம் வைத்திருந்தேன். உட்கார்ந்தாள். சொன்னாள். கேட்டதைச் சுருக்கி எழுதுகிறேன்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவளுக்குச் சர்க்கரை வந்தது. மாத்திரை தருகிறார்கள். எனக்குச் சொல்லவில்லை, டிப்ளமா கடைசி செமஸ்டர், அப்புறம் புது வேலை, எதற்கு என்று. ஒருநாள் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். காலையில் எழுந்திருக்க முடியவில்லை. வியர்வை, நாக்கு குழறுகிறது, கை கால் வரவில்லை. அந்த அறையில் மதியம் வரை கிடந்திருக்கிறாள். சத்துணவு மையத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டிவிட்டு, ஊருக்குப் போயிருப்பாள் என்று போய்விட்டார்கள். மா.தான் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்துப் பின்கதவை உடைத்திருக்கிறார். வாயில் சர்க்கரைத் தண்ணி ஊற்றி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பின்கதவில் புதுத் தாழ்ப்பாள் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பழசு துருப்பிடித்துவிட்டது என்று சொன்னாள், அன்றைக்கு நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் ஒயர். அவர் எழுந்ததும் படுக்கையிலிருந்தே போடுவார். எரிந்தால் அவர் இருக்கிறார். இவள் அணைத்தால் இவள் இருக்கிறாள். போன சித்திரையில் ஒரு காலை பல்பு எரியவே இல்லை. இவள் ஓடியிருக்கிறாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே கிடந்திருக்கிறார். அன்றைக்குப் பிழைத்தது அந்தப் பல்பால்.

எனக்கு நம்ப முடியவில்லை. நம்பாமலும் இருக்க முடியவில்லை. சந்தேகப்படுகிறவன் புத்தி எங்கே போகும்? கரண்ட் இல்லாத காலைகளில் என்ன செய்வாய் என்று கேட்டேன். சுவரில் தட்டுவாளாம். அப்படியென்றால் தினமும் தட்டலாமே, ஒயர் எதற்கு?

"தட்டுனா காமாட்சி வூடு வரைக்கும் கேக்கும். லைட்டுக்குச் சத்தம் இல்ல."

சரி. கடைசியாக ஒன்று கேட்டேன். அவ்வளவுதானா? வேறொன்றும் இல்லையா?

என்னை நேராகப் பார்த்தாள்.

"அவரு இருக்காருன்னு எனக்குத் தெரியணும். நான் இருக்கன்னு அவருக்குத் தெரியணும். அதுக்கு நீ என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்க. எங்களுக்குப் பேரு வைக்க நேரமில்ல."

எழுந்து பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். சனிக்கிழமை, பள்ளி கிடையாது. பாதி தெரு போய்த் திரும்பி வந்தாள்.

மத்தியானம் மழை. புது லைட் நன்றாக எரிகிறது. சோக் சத்தமே இல்லை.


16.11.2003, ஞாயிறு

விடியும்போது அம்மா மறுபடி போனாள். காமாட்சி இன்று வாளியோடு முன்கூட்டியே நின்றாள்.

முடிவு: ஒயர் திரும்ப வேண்டும். ஆனால் அந்த மாதிரி இல்லை. ஒரு வீட்டு மெயின் இன்னொரு வீட்டுக்குள் வரவே கூடாது. பியூஸ் எடுத்துவிட்டேன் என்று நம்பி எவனாவது கை வைப்பான். நானே வைத்திருப்பேன், சுவிட்சைத் தட்டிப் பார்க்கிற பழக்கம் இல்லாதிருந்தால்.

பேட்டரி செல்லில் ஓடும் காலிங் பெல் இரண்டு. இங்கே பொத்தான், அங்கே மணி. அங்கே பொத்தான், இங்கே மணி. சுவர் வழியாகப் போவது டெலிபோன் ஒயர். செல் கரண்டு, குழந்தை கடித்தாலும் ஒன்றும் ஆகாது. கரண்ட் போனாலும் அடிக்கும். மணியைத் துணியில் சுற்றிக் கட்டினால் அறைக்கு வெளியே கேட்காது.

முதல் பஸ்ஸில் அரியலூர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு எலக்ட்ரிக் கடை பாதி ஷட்டர் திறந்திருந்தது. பெல் கிடைத்தது. கடைக்காரர், ஒரே வீட்டுக்கு ரெண்டு பெல்லா என்றார். இரண்டு வீடு என்றேன். அதோடு நிறுத்தினேன்.

திரும்பும்போது பஸ்ஸில் யோசனை. இதை எதற்குச் செய்கிறேன்? அவர்கள் நலமாக இருக்கவா, அம்மா தெருவில் இறங்காமல் இருக்கவா? இரண்டாவதுதான் என்று தோன்றியது. ஒயர் இருந்தவரை தெருவுக்கு ஒன்றும் தெரியாது. அறுத்துத் தெருவுக்குக் காட்டியவன் நான். மறுபடி மூடி வைக்கப் போகிறவனும் நான்.

மா. வீட்டுக்குப் போனேன். பெட்டியைப் பார்த்தார். பெல் என்றேன். என்னென்ன எங்கே வரும் என்று சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். முன்பு இருந்ததை விட இளைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை நான் பல்பைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

"கோவத்துல அறுத்தீங்க. இப்ப எந்தக் கோவத்துல மாட்டுறீங்க?"

 உங்கள் இணைப்பு எல்லாம் தப்பு, கேரி பேக்கெல்லாம் இன்சுலேஷன் ஆகாது, யாராவது செத்திருப்பீர்கள் என்றேன். ஆமாம், பஸ் வேலைதான் தெரியும், வீட்டு வேலை தெரியாது, உங்களைக் கேட்டிருக்கணும், எப்படிக் கேட்பது என்றார். ஏணியைச் சுவரில் சாய்த்தேன்.

ஏணியைப் பிடித்துக்கொண்டார். மூச்சு வாங்கியது, உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. பழைய பஸ் ஒயரை ஓட்டையிலிருந்து இழுத்தபோது சுருட்டி ஓரமாக வைத்துக்கொண்டார். தூக்கிப் போடச் சொல்லவில்லை நான்.

சாயங்காலத்துக்குள் முடிந்தது. ஓட்டையில் பிவிசி குழாய் சொருகி, சிமெண்ட் பூசினேன். சோதனைக்கு அவர் அமுக்கினார், இங்கே அடித்தது. நான் அமுக்கினேன், அங்கே அடித்தது. வேலை சுத்தம்.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.  செல்லு தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டாள். மாசத்துக்கு ஒருதரம் வந்து மாற்றுகிறேன் என்றேன். வாரம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

மாத்திரை பெயரை எழுதிக்கொண்டேன். சாப்பிடாமல் போடாதே என்று மூன்று தடவை சொன்னேன். எனக்கே சொல்லித் தருகிறாயா என்றாள்.


17.11.2003, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன், கிறுக்கல்.

தெளிந்த வானம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றேன். பின் அறையில் மணி அடித்தது, துணிக்குள் அமுங்கிய சத்தம். அம்மா அடுப்படியில். வரவில்லை. போய் அமுக்கு என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்தாள்.

பெரிய எவர்சில்வர் தம்ளரில் ஊற்றினாள். மேலே ஒரு தட்டு மூடினாள். தலை வாரியிருந்தாள், நல்ல புடவை. முன்வாசல் கதவைத் திறந்தாள். எதிரே காமாட்சி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சேலைத் தலைப்பைக் கூட இழுத்து விடவில்லை.

எங்கே போகிறாய், பெல் எதற்குப் போட்டேன் என்றேன். அடித்தொண்டையில், காமாட்சிக்குக் கேட்காமல்.

"நீதான் தெருவுக்குக் காட்டிட்டியே. இனிமே மறைச்சு என்ன ஆவப் போவுது? நேராவே போயி பாத்துக்கறன்."

படி இறங்கினாள். இறங்கித் திரும்பினாள்.

"நீ போயி அந்தப் பொத்தான அமுத்து. நான் வரன்னு தெரியட்டும். கதவத் தொறந்து வைக்கட்டும்."

காமாட்சி கோலமாவோடு நிற்கிறாள். அம்மா தெருவில் நிற்கிறாள், தம்ளரோடு. நான் செய்யாமல் அவள் நகர மாட்டாள் என்று தெரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உள்ளே போனேன். பையைக் கழற்றாமலே. அமுக்கினேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. பிறகு தாழ்ப்பாள் விலகும் சத்தம்.